எந்தக் காரியம் எந்த அமைச்சரின் கையில்? தென்னாப்பிரிக்க அமைச்சரவையை அறிந்து மனு எழுதும் முறை

எங்கள் சங்கத்தின் அலமாரியில் அமைச்சர்களுக்கு எழுதிய கடிதங்களின் நகல்கள் மூன்று பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றுள் ஒரு கடிதம் என் மனத்தை இன்னும் உறுத்துகிறது. பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்த ஆசிரியை ஓய்வு பெற்றபின் அவருடைய இடம் நிரப்பப்படாமல் கிடந்தது. பெற்றோர் எங்களிடம் வந்து முறையிட்டார்கள். செயலாளர் என்ற முறையில் நான் தேசியக் கல்வி அமைச்சருக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். ஏழு மாதம் கழித்து, ஆசிரியர் நியமனம் மாகாணத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்றும் அங்கே அணுகுமாறும் பதில் வந்தது. அதற்குள் அடுத்த கல்வியாண்டின் கால அட்டவணை முடிவாகி, பிள்ளைகள் வேறு பாடத்துக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். கடிதத்தில் எழுதியிருந்தது எல்லாம் உண்மை, முகவரிதான் தவறு.

டர்பன், சட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று நம்மவர்கள் வாழும் இடங்களிலெல்லாம் கோயில் நிர்வாகிகளும் சங்கச் செயலாளர்களும் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். அமைச்சரவை எப்படி அமைக்கப்படுகிறது, அதிகாரம் எந்தத் தாளின் மூலம் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதைக் கண்டறியும் வழியைப் படிப்படியாகச் சொல்ல இங்கே முயல்கிறேன்.

அரசியலமைப்பின் ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள்

1996ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் பிரதி ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஐந்தாம் அத்தியாயம், அதாவது 83 முதல் 102 வரையுள்ள பிரிவுகள், குடியரசுத் தலைவரையும் தேசிய நிர்வாகத்தையும் பற்றியது. ஒரு மாலைப்பொழுதில் முழுவதையும் படித்துவிடலாம். 91, 92, 93, 97, 101 ஆகிய ஐந்து பிரிவுகளை மட்டும் நிதானமாக இரண்டு முறை படியுங்கள். பின்னால் சொல்லப்போவதில் பெரும்பகுதி அவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

நம் வீடுகளில் தமிழ்நாட்டுச் செய்திகள் நாள்தோறும் ஒலிப்பதால், பிரதமர், முதலமைச்சர், ஆளுநர் என்ற இந்திய அடுக்கை இங்கும் பொருத்திப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஊறியிருக்கிறது. அதை முதலில் விட்டுவிட வேண்டும். இங்கே பிரதமர் என்ற பதவி 1984இலேயே ஒழிந்துவிட்டது. நாட்டின் தலைவரும் அரசின் தலைவரும் ஒருவரே. அவர்தான் குடியரசுத் தலைவர். மக்கள் அவரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. பொதுத்தேர்தலுக்குப்பின், நாடாளுமன்றத்தின் கீழவையான 400 உறுப்பினர்கள் கொண்ட தேசியப் பேரவை முதன்முறை கூடும்போது, தலைமை நீதிபதியின் தலைமையில் தம் உறுப்பினர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவுடன் அவர் பேரவை உறுப்பினர் என்ற நிலையை இழந்து, ஐந்து நாட்களுக்குள் பதவியேற்க வேண்டும். 2024இல் சிரில் ராமபோசா ஜூன் 14 அன்று தேர்ந்தெடுக்கப்பட்டு ஜூன் 19 அன்று பதவியேற்றது இந்தக் கணக்கின்படிதான்.

அமைச்சரவை என்பது குடியரசுத் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர் ஒருவர், அமைச்சர்கள் ஆகியோரைக் கொண்டது என்று 91ஆம் பிரிவு சொல்கிறது. துணைக் குடியரசுத் தலைவர் பேரவை உறுப்பினராக இருந்தே தீர வேண்டும். அமைச்சர்களைப் பேரவையிலிருந்து எத்தனை பேரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பேரவைக்கு வெளியிலிருந்து இரண்டு பேருக்குமேல் எடுக்க முடியாது. எல்லாரையும் நியமிப்பவர், அவரவர்க்குரிய அதிகாரங்களையும் பணிகளையும் பிரித்துக் கொடுப்பவர், வேண்டாதபோது நீக்குபவர் குடியரசுத் தலைவரே. எத்தனை அமைச்சர்கள் என்ற எண்ணிக்கையை அரசியலமைப்பு வரையறுக்கவில்லை. அதனால் 2019இல் 28 அமைச்சர்கள் இருந்தார்கள்; 2024 ஜூன் 30 அன்று அறிவிக்கப்பட்ட அமைச்சரவையில் அந்த எண்ணிக்கை 32 ஆயிற்று.

2024இன் பட்டியல் நீண்டதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டு மே 29 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் 159 இடங்களோடு நின்றது. ஆகவே தேசிய ஒற்றுமை அரசு என்ற பெயரில் ஏழு கட்சிகளைச் சேர்ந்தவர்கள் அமைச்சர்களானார்கள். 1994இல் நெல்சன் மண்டேலா அமைத்த அரசும் அதே பெயரைத் தாங்கியது என்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக்கூடாது. அன்று நடைமுறையில் இருந்த இடைக்கால அரசியலமைப்பு, 20 இடங்களுக்குக் குறையாமல் பெற்ற கட்சிகளுக்கு அமைச்சரவையில் பங்குகேட்கும் உரிமையைச் சட்டமாகவே கொடுத்திருந்தது. இன்றைய அரசியலமைப்பில் அப்படி ஒரு விதி இல்லை. இப்போதைய கூட்டு, கட்சிகள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையால் நிற்கிறது. ஒரு கட்சி விலகினாலும், குடியரசுத் தலைவர் மனம் மாறினாலும் பட்டியல் மாறிவிடும் என்பதை மனுக் கொடுப்பவர் நினைவில் வைத்திருப்பது நல்லது.

இந்தியருக்கென்று ஓர் அமைச்சர் இல்லை

நம் பெரியவர்களோடு பேசும்போது அடிக்கடி ஒரு கேள்வி எழும்: "நம் காரியத்தைப் பார்க்கும் மந்திரி யார்?" இந்தக் கேள்விக்குப் பின்னால் பத்தாண்டு அனுபவம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, நாடாளுமன்றத்தை வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் என்று மூன்று அவைகளாகப் பிரித்தது. நாட்டின் பெரும்பான்மையினரான ஆப்பிரிக்கர்களுக்கு அதில் இடமே கொடுக்கப்படவில்லை. இந்தியர்களுக்கென்று ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ் என்ற அவை அமைந்தது. கல்வி, வீட்டுவசதி, சமூகநலம் போன்றவை "சொந்த விவகாரங்கள்" என்றும், பாதுகாப்பு, நிதி போன்றவை "பொது விவகாரங்கள்" என்றும் பிரிக்கப்பட்டன. சொந்த விவகாரங்களைப் பார்க்க அந்த அவைக்கென்று தனி அமைச்சர் குழு இருந்தது. அதன் தலைவரான அமிசந்த் ராஜ்பன்சி துறையில்லா அமைச்சராக மத்திய அமைச்சரவையிலும் அமர்த்தப்பட்டார். 1984 தேர்தலில் நம் மக்களுள் மிகப் பெரும்பாலோர் வாக்களிக்க மறுத்தார்கள். அந்த மறுப்பு இன்றும் பெருமைக்குரியது. ஆயினும் பள்ளி, வீடு, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அந்த அலுவலகங்களின் படியைத்தான் ஏற வேண்டியிருந்தது. வேறு படி இருக்கவில்லை.

அந்த ஏற்பாடு 1994இல் மறைந்தது. அதன்பின் அதிகாரம் மக்களின் இனத்தைப் பொறுத்துப் பிரிக்கப்படவில்லை, பொருளைப் பொறுத்தே பிரிக்கப்படுகிறது. இந்த ஒரு மாற்றத்தை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. "நாங்கள் தமிழர்கள், எங்கள் குறையைக் கேளுங்கள்" என்று தொடங்கும் மனு, அதைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரியின் மேசையில் எங்கே வைப்பதென்று தெரியாமல் தங்கிவிடுகிறது. "இந்தப் பள்ளியில் இந்தப் பணியிடம் காலியாக உள்ளது" என்று தொடங்கும் மனுவுக்கு உரிய கோப்பு ஏற்கெனவே திறந்திருக்கிறது.

நம்மவர் பெயரைத் தாங்கிய அமைச்சரைத் தேடிச் செல்வதும் இதே பழக்கத்தின் மிச்சம்தான். ஜெய் நாயுடு மண்டேலாவின் அமைச்சரவையில் புனரமைப்பு வளர்ச்சித் திட்டத்தைக் கவனித்தபோதும், ராய் படையாச்சி 2010இல் தகவல் தொடர்பு அமைச்சராகவும் 2011இல் பொதுச் சேவை நிர்வாக அமைச்சராகவும் இருந்தபோதும் நாம் மகிழ்ந்தோம், மகிழ்வது இயல்பு. ஆனால் தகவல் தொடர்பு அமைச்சரிடம் மருத்துவமனைக் குறையைக் கொண்டுபோனால், அவர் எத்தனை அன்போடு வரவேற்றாலும் அந்தக் குறையைத் தீர்க்கும் கையெழுத்து அவரிடம் இல்லை.

துணை அமைச்சர்கள்

துணை அமைச்சர்களை 93ஆம் பிரிவின்கீழ் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். 2024இல் 43 பேர் நியமிக்கப்பட்டார்கள். அவர்கள் அமைச்சரவையின் உறுப்பினர்கள் அல்லர். அமைச்சருக்கு உதவுவதே அவர்களின் பணி. தைப்பூசத்துக்கோ பொங்கல் விழாவுக்கோ துணை அமைச்சரை அழைப்பதில் தவறில்லை. அவரிடம் மனுவைக் கொடுத்துவிட்டு அமைச்சரவையில் சேர்ந்துவிட்டதாக எண்ணி இருந்துவிடாமல், அதே மனுவின் மூலப்பிரதியை அமைச்சரின் அலுவலகத்துக்குத் தனியே அனுப்புங்கள்.

தொலைக்காட்சி அறிவிப்புக்கும் அரசிதழுக்கும் உள்ள இடைவெளி

புதிய அமைச்சரவை அறிவிக்கப்படும் இரவில் நாம் பெயர்களைக் குறித்துக்கொள்கிறோம். அந்தப் பெயர்ப் பட்டியல் யார் என்பதைச் சொல்கிறது. எந்தச் சட்டத்தை யார் நிர்வகிக்கிறார் என்பதைச் சொல்வதில்லை. நாடாளுமன்றம் இயற்றிய ஒவ்வொரு சட்டத்திலும் "அமைச்சர்" என்று ஒருவர் குறிக்கப்பட்டிருப்பார். துறைகள் பிரியும்போதும் சேரும்போதும் அந்தச் சட்டத்தின் நிர்வாகத்தை ஓர் அமைச்சரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற, 97ஆம் பிரிவின்கீழ் குடியரசுத் தலைவர் பிரகடனம் வெளியிட வேண்டும். அது அரசிதழில் வரும். நாம் தேடவேண்டிய தாள் அதுதான்.

2024இன் மாற்றங்களைப் பாருங்கள். கனிமவளமும் எரிசக்தியும் ஓர் அமைச்சரிடம் இருந்த நிலை மாறி, மின்சாரமும் எரிசக்தியும் தனியாகவும் கனிமமும் பெட்ரோலியமும் தனியாகவும் பிரிந்தன. வேளாண்மையும் நிலச் சீர்திருத்தமும் பிரிந்தன. நீதித் துறையும் சிறைத் துறையும் பிரிந்தன. பொதுத்துறை நிறுவனங்களுக்கென்று இருந்த அமைச்சகம் நீங்கியது. அதன் பொறுப்பில் இருந்த மின்சார நிறுவனமான எஸ்காம் மின்சார அமைச்சரிடம் போயிற்று. இப்படி ஒரு பிரிவினை நடக்கும்போது பழைய முகவரிக்கு எழுதிய கடிதம் புதிய துறையைத் தேடி அலைவதற்குப் பல வாரங்கள் ஆகும். ஆகவே உங்கள் குறை எந்தச் சட்டத்தின்கீழ் வருகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அந்தச் சட்டத்தை இன்று நிர்வகிப்பவர் யார் என்பதை அடுத்துக் கண்டுபிடியுங்கள். பெயரைக் கடைசியில் எழுதுங்கள். நான் நெடுங்காலம் இதைத் தலைகீழாகச் செய்துவந்தேன்.

மூன்று அடுக்குகளில் எது உங்களுடையது?

இந்தப் பகுதியில்தான் நம் கடிதங்கள் அதிகமாக வழிதவறுகின்றன என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தேசியம், மாகாணம், உள்ளாட்சி ஆகிய மூன்றையும் மேலிருந்து கீழாக அடுக்கிய படிகளாக அரசியலமைப்பு பார்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி வட்டம் உண்டு. மாகாணத்தில் முதல்வர், அதாவது பிரிமியர், ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மிகாமலும் உறுப்பினர்களை நியமித்து நிர்வாகக் குழு அமைக்கிறார். எம்.இ.சி. என்று நாம் அழைப்பது இவர்களைத்தான். தேசிய அமைச்சருக்கு எம்.இ.சி. கீழ்ப்பட்ட அலுவலர் அல்லர். அவர் தம் மாகாணச் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்பவர். இதை அறியாமல், "மேலே எழுதினால் கீழே ஆணை வரும்" என்று எண்ணித்தான் நான் அந்த ஆசிரியையின் இடத்துக்காகத் தலைநகருக்கு எழுதினேன்.

எந்தப் பொருள் யாருடையது என்பதை அரசியலமைப்பின் நான்காம், ஐந்தாம் அட்டவணைகள் சொல்கின்றன. நான்காம் அட்டவணையின் முதற்பகுதியில் உள்ளவை தேசியத்துக்கும் மாகாணத்துக்கும் பொதுவானவை: உயர்கல்வி நீங்கலான கல்வி, மருத்துவ சேவை, வீட்டுவசதி, பேரிடர் மேலாண்மை போன்றவை. அதன் இரண்டாம் பகுதியில் குடிநீர் வழங்கல், கழிவுநீர் அகற்றல், மின்விநியோகம், தீயணைப்பு போன்ற உள்ளாட்சிப் பொருள்கள் உள்ளன. ஐந்தாம் அட்டவணையின் இரண்டாம் பகுதியில் இடுகாடு, தகனமேடை, குப்பை அகற்றல், ஒலி மாசு ஆகியவை உள்ளாட்சியின் பெயரில் இருக்கின்றன. இரண்டு அட்டவணைகளிலும் இல்லாதது தேசிய அரசுடையது. கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் வழங்கும் உள்துறை அவ்வகையைச் சேர்ந்தது. கும்பாபிஷேகத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகளையும் நாதஸ்வரக் கலைஞர்களையும் வரவழைக்க விசா வேண்டுமென்றால், மாகாண முதல்வரின் பரிந்துரைக் கடிதத்துக்காக அலைவதைவிட உள்துறையின் விதிகளைப் படிப்பது பயன் தரும்.

டோங்காட்டின் தண்ணீர் இதற்கு எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு. 2022 ஏப்ரலில் வந்த பெருவெள்ளத்தில் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையமும் சிதைந்தது. அவ்வூரில் பல மாதங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்த நேரத்தில் ஒரே துயரத்துக்குள் மூன்று அதிகாரங்கள் கலந்திருந்தன. தேசியப் பேரிடர் நிலையை அறிவிக்கும் அதிகாரம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் கூட்டுறவு ஆட்சி அமைச்சருக்கு இருந்தது. வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கடமை, டர்பனையும் டோங்காட்டையும் உள்ளடக்கிய எத்தெக்வினி மாநகராட்சியுடையது. மாநகராட்சிகளுக்கு மொத்தமாக நீர் விற்கும் நீர்வாரியங்களைக் கண்காணிப்பவர் நீர் மற்றும் துப்புரவு அமைச்சர். ஒருவர் தம் தெருக் குழாயைப் பற்றி எழுதினால் அது முதலில் வார்டு கவுன்சிலருக்கும் மாநகராட்சி மேலாளருக்கும் போகவேண்டிய கடிதம். நீர்வாரியத்தின் செயற்பாட்டைப் பற்றியதாக இருந்தால்தான் தேசிய அமைச்சருக்கு உரியது.

தீபாவளிப் பட்டாசும் அப்படித்தான். வெடிபொருள் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தேசியக் காவல் துறை. ஒலியையும் பொதுத்தொல்லையையும் பற்றிய துணைவிதிகள் மாநகராட்சியுடையவை. ஆண்டுதோறும் எழும் இந்தச் சச்சரவில் நம் தரப்பை எடுத்துச் சொல்ல விரும்பினால், துணைவிதியின் வரைவு கருத்துக்காக வெளியிடப்படும் நாளில் மாநகராட்சிக்கு எழுத வேண்டும். பண்டிகைக்கு முந்தின வாரம் காவல் அமைச்சருக்கு எழுதுவதால் பயனில்லை.

இனி, நமக்கு நெஞ்சுக்கு நெருக்கமான தமிழ்க் கல்வி. அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, ஆட்சிமொழிகளுக்கு அப்பால், இங்குள்ள சமூகங்கள் பேசும் மொழிகளுக்கு மதிப்பு கிடைக்கச் செய்யும் கடமையை அனைத்துத் தென்னாப்பிரிக்க மொழி வாரியத்திடம் ஒப்படைக்கிறது. அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிட்ட எட்டு மொழிகளுள் தமிழும் ஒன்று. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் இறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் மொழி, ஒரு நாட்டின் அரசியலமைப்பில் எழுத்தாக நிற்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். ஆனால் அந்த வரியை மட்டும் காட்டி ஆசிரியரைப் பெற முடியாது. மொழி வாரியம் விளையாட்டு, கலை, பண்பாட்டு அமைச்சரின் வட்டத்தில் இருக்கிறது. தமிழை இரண்டாம் கூடுதல் மொழியாக வைத்திருக்கும் தேசியப் பாடத்திட்டம் அடிப்படைக் கல்வி அமைச்சரின் வட்டத்தில் இருக்கிறது. மாகாணத்தில் எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் என்பதைத் தீர்மானிப்பவர் மாகாணக் கல்வி எம்.இ.சி. அந்தப் பணியிடங்களைப் பள்ளிகளுக்குப் பங்கிட்டு, ஆசிரியரை நியமிப்பவர் மாகாணக் கல்வித் துறைத் தலைவர். 1998ஆம் ஆண்டின் ஆசிரியர் பணி நியமனச் சட்டப்படி அவரே ஆசிரியர்களின் முதலாளி. பள்ளியின் மொழிக் கொள்கையை வகுப்பது பள்ளி நிர்வாகக் குழு. 2024இல் பள்ளிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்துக்குப்பின் அந்தக் கொள்கையைத் துறைத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும்.

ஆக, தமிழ் வகுப்பு ஒன்றுக்கு ஐந்து கதவுகள். பாடநூலோ தேர்வுத்தாளோ குறையென்றால் தேசிய அமைச்சர். ஆசிரியர் இல்லையென்றால் மாகாணத் துறைத் தலைவர். பள்ளியே தமிழை வேண்டாம் என்றால் நிர்வாகக் குழு. அந்தக் குழுவின் தேர்தலில் நம் பெற்றோர் நின்று வெல்வது, எந்த அமைச்சருக்கு எழுதும் எந்தக் கடிதத்தையும்விட வலிமையானது என்பது என் அனுபவம்.

அமைச்சரவை முடிவெடுக்கும் வழி

அமைச்சரவை வழக்கமாக இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, பெரும்பாலும் புதன்கிழமைகளில் கூடுகிறது. அங்கே ஒரு பொருள் திடீரென்று பேச்சுக்கு வந்துவிடாது. ஒரு துறை அமைச்சரவைக் குறிப்பு தயாரித்து, தொடர்புள்ள பிற துறைகளின் கருத்தைப் பெற்று, துறைகளின் தலைமை அதிகாரிகளான தலைமை இயக்குநர்கள் குழுவாகக் கூடும் கூட்டத்திலும் அமைச்சரவைக் குழுவிலும் ஆராய்ந்தபின்பே அது முழு அமைச்சரவைக்குப் போகும். குடியரசுத் தலைவர் அலுவலகத்தின் தலைமை இயக்குநரே அமைச்சரவைச் செயலாளர். கூட்டத்துக்குப்பின் அரசுத் தகவல் தொடர்பு அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிடும். அந்த அறிக்கையைத் தவறாமல் படிக்கும் ஒருவர் ஒவ்வொரு சங்கத்திலும் இருக்க வேண்டும். ஏனென்றால், ஒரு மசோதாவின் வரைவைப் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிட அமைச்சரவை ஒப்புக்கொண்டது என்ற செய்தி அதில்தான் முதலில் வரும். நாம் பேசுவதற்குரிய வேளை அது. பின்னர் நாடாளுமன்றத்தின் துறைசார் குழு கருத்துக் கேட்கும்போது இரண்டாம் வாய்ப்பு கிடைக்கும்.

அமைச்சர்கள் தனித்தனியாகவும் கூட்டாகவும் நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பானவர்கள் என்கிறது 92ஆம் பிரிவு. கூட்டுப் பொறுப்பு வெறும் சொல் அன்று என்பதை 2025 பிப்ரவரியில் கண்டோம். விற்பனையின்மீது விதிக்கும் வாட் வரியை 15 விழுக்காட்டிலிருந்து 17 ஆக்கும் திட்டத்தில் அமைச்சரவைக்குள் உடன்பாடு ஏற்படாததால், பிப்ரவரி 19 அன்று வாசிக்கப்பட வேண்டிய வரவுசெலவுத் திட்டம் அன்றே தள்ளிவைக்கப்பட்டது. மார்ச் 12 அன்று அரை விழுக்காட்டு உயர்வோடு மீண்டும் வந்தது. ஏப்ரலில் அந்த உயர்வும் கைவிடப்பட்டது. மே 21 அன்று மூன்றாவது முறையாகத் திட்டம் வாசிக்கப்பட்டபோது வரி 15 விழுக்காட்டிலேயே நின்றது. பல கட்சிகள் அமர்ந்த அமைச்சரவையில் நிதியமைச்சர் தனியாக முடிவெடுத்துவிட முடியவில்லை. பணம் சம்பந்தப்பட்ட பெரிய கோரிக்கைகளுக்கு ஓர் அமைச்சரின் நல்லெண்ணம் போதாது, நிதியமைச்சரின் இசைவும் வேண்டும் என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

கடிதத்தை எழுதி அனுப்புதல்

அமைச்சர் கொள்கைக்குப் பொறுப்பு. துறையின் பணத்துக்குக் கணக்குச் சொல்பவர் தலைமை இயக்குநர். 1999ஆம் ஆண்டின் பொது நிதி மேலாண்மைச் சட்டம் இந்தப் பொறுப்பை அவர்மேல் வைக்கிறது. விதியை மாற்றக் கேட்டால் அமைச்சருக்கும், இருக்கும் விதியை நடைமுறைப்படுத்தக் கேட்டால் தலைமை இயக்குநருக்கும் எழுதுங்கள். சட்டப் பிரிவை முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை போதும். நான்கு குறைகளைச் சேர்த்து எழுதினால் நான்கு அலுவலகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

பதில் வராவிட்டால் உட்கார்ந்துவிட வேண்டியதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரை அணுகி, எழுத்துமூலக் கேள்வி கேட்கச் செய்யலாம். அமைச்சர் பத்து வேலைநாட்களுக்குள் விடை தரவேண்டும் என்பது பேரவையின் விதி. உறுப்பினர் எந்தக் கட்சி என்று பார்க்காமல், அந்தத் துறைசார் குழுவில் இருப்பவரா என்று பாருங்கள். ஆவணம் வேண்டுமென்றால் 2000ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் உரிமையைப் பாதிக்கும் நிர்வாக முடிவுக்குக் காரணம் தெரியாவிட்டால், முடிவை அறிந்த 90 நாட்களுக்குள் எழுத்தில் காரணம் கேட்க நிர்வாக நீதிச் சட்டம் வழி தருகிறது. இந்த 90 நாட்களைக் கோட்டைவிட்டவர்கள் நம்மில் பலர்.

வாய்மொழி வாக்குறுதியை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டத்தின்கீழ் எடுக்கப்படும் குடியரசுத் தலைவரின் முடிவே எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், அது ஓர் அமைச்சருக்கு ஒதுக்கப்பட்ட பொருளைப் பற்றியதானால் அந்த அமைச்சரும் கையொப்பமிட வேண்டும் என்றும் 101ஆம் பிரிவு சொல்கிறது. விழா மேடையில் சொன்ன சொல்லுக்கு மறுநாளே நன்றிக் கடிதம் எழுதி, சொன்னதை அப்படியே அதில் பதிந்துவிடுங்கள். பின்னால் அதுவே சான்றாகும்.

அமைச்சர்கள் மாறுவார்கள். குடியரசுத் தலைவருக்கு எதிராகப் பேரவை நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றினால் அவரோடு அமைச்சர்களும் துணை அமைச்சர்களும் விலகவேண்டும் என்கிறது 102ஆம் பிரிவு. மற்ற நேரங்களில் ஒரே இரவில் ஒருவர் நீக்கப்பட்டு இன்னொருவர் வருவார். எனவே உறையின்மேல் பெயருக்கு முன்னால் பதவியை எழுதுங்கள். புதியவர் வந்தவுடன், பழைய கடிதத்தின் நகலை இணைத்து ஒரு பக்கத்தில் நினைவூட்டுங்கள்.

அந்த ஆசிரியையின் இடத்துக்காக நாங்கள் எழுதிய இரண்டாம் கடிதம் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்குப் போயிற்று, நகல் எம்.இ.சி.க்கும் பள்ளி நிர்வாகக் குழுத் தலைவருக்கும். ஆங்கிலத்தில் அனுப்பினோம் என்றாலும் முதலில் தமிழில்தான் எழுதிக்கொண்டோம். அதன் தொடக்கத்தை மாதிரிக்காகத் தருகிறேன். பள்ளியின் பெயரையும் தேதிகளையும் உங்கள் நிலைக்கேற்ப நிரப்பிக்கொள்ளலாம்.

"மதிப்புக்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கு, 1998ஆம் ஆண்டின் ஆசிரியர் பணி நியமனச் சட்டத்தின்கீழ் தங்களுக்குள்ள அதிகாரத்தைக் கொண்டு, இப்பள்ளியில் இந்தத் தேதி முதல் காலியாக உள்ள தமிழாசிரியர் பணியிடத்தை நிரப்புமாறு வேண்டுகிறோம். தமிழ் பயில விரும்பும் மாணவர்களின் பட்டியல், பெற்றோர் கையொப்பங்கள், பள்ளி நிர்வாகக் குழுவின் தீர்மானம் ஆகியவை இணைக்கப்பட்டுள்ளன. அடுத்த கல்வியாண்டின் கால அட்டவணை முடிவாகுமுன் தங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்."